மனசு இல்லை என்பது சரியல்ல

'நம்மைப் போல வளரும் நாட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஜனங்களுக்கு மனசே கிடையாது' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 2014-ல் வீட்டு எல்.இ.டி. பல்புத் திட்டத்தைச் சோதித்துப் பார்த்ததே நம் புதுச்சேரியில்தான். பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் 10 ரூபாய்க்கு ஒன்று, வீட்டுக்கு மூன்று. முத்தியால்பேட்டையில் என் அம்மா மூன்று குண்டு பல்புகளைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றார். 60 வாட் போய் 7 வாட் வந்தது. தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் இழுத்த பல்பு, இப்போது ஒரு யூனிட்தான். அதே எல்.இ.டி. பல்பு அப்போது கடையில் சில நூறு ரூபாய். அம்மாவிடம் அந்தக் காசுதான் இல்லை. இன்று குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறியும் அப்படித்தான். 75 வாட்டுக்குப் பதில் 30 வாட் போதும் என்று கேள்விப்பட்டு எங்கள் தெருவில் பலரும் கடைக்குப் போகிறார்கள், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.