எதிர்த்தரப்பு தாமதித்தால் நீதிமன்றக் கெடு தானாக நீளாது

அமெரிக்காவில் சிவில் வழக்கு நடத்துவோரிடையே ஒரு தகவல் பரவி வருகிறது: டிஸ்கவரி, அதாவது வழக்கு விசாரணைக்கு முன் இரு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் தகவலும் ஆவணங்களும் கேட்டுப் பெறும் கட்டத்தில், கேட்ட கேள்விகளுக்கு எதிர்த்தரப்பு பதில் தராமல் இழுத்தடித்தால், நீதிமன்றம் விதித்த கெடுவும் அதே அளவு தானாகத் தள்ளிப்போகுமாம். ஃபெடரல் நீதிமன்றங்களைப் பொறுத்தவரை இது தவறு. நம்பியவரின் வழக்கையே குலைக்கக்கூடிய தவறு.

ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகள் 33, 34 ஆகியவை பதிலளிக்க 30 நாள் தருகின்றன. இரு தரப்பும் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு இதை நீட்டிக்கலாம் என்று விதி 29 சொல்வதிலிருந்துதான் குழப்பம் பிறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நீட்டிப்பு டிஸ்கவரி முடிவுத் தேதியையோ, மனு விசாரணையையோ, வழக்கு விசாரணையையோ பாதிக்குமானால் நீதிமன்ற ஒப்புதல் வேண்டும் என்று அதே விதி தொடர்கிறது. நீதிபதி வகுத்த கால அட்டவணையை மாற்ற, விதி 16-இன்படி தகுந்த காரணமும் நீதிபதியின் இசைவும் தேவை. இதில் முதன்மையாகப் பார்க்க வேண்டியது அவகாசம் கேட்பவர் காட்டிய முனைப்பையே என்று, 1992-இல் மம்மத் ரிக்ரியேஷன்ஸ் வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

மார்ச் 1 அன்று கேள்விகளை நேரில் கையளித்தவர், 31-ஆம் தேதி பதில் வராதபோதே எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் பேசி, அது பலிக்காதபோது விதி 37-இன் கீழ் பதிலளிக்க உத்தரவிடக் கோரி மனுப்போட்டு, கெடு முடியும் முன்பே அவகாசமும் கேட்டிருந்தால், அந்த முனைப்பைக் காட்ட அவரிடம் ஆதாரம் இருக்கும். கெடு கடந்தபின் வந்து எதிர்த்தரப்பைக் குறை சொல்வது எளிதில் எடுபடாது. மாநில நீதிமன்றங்களின் விதிகள் வேறுபடும். அவற்றைத் தனியே பார்க்க வேண்டும்.