உயில் இல்லையென்றால் வீடு சர்க்காருக்கா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: “உயில் எழுதாமல் இறந்தால் சொத்து சர்க்காருக்கு, மூத்த அண்ணன் முந்திக்கொண்டு தன் பேருக்கு மாற்றிவிட வேண்டும்.” இரண்டுமே தப்பு.

தென்னாப்பிரிக்காவின் 1987ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவியோ கணவரோ, பிள்ளைகளோ, பெற்றோரோ இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து உடன்பிறந்தவர்களுக்கு வரும். அக்கா, தங்கைக்கும் அதே பங்குதான். வாரிசே இல்லாமல் 30 ஆண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்தால்தான் சர்க்கார்.

அண்ணன் என்பதற்காக இறந்தவரின் சொத்தைக் கையாளும் அதிகாரம் தானாக வராது. உடன்பிறந்தவர்கள் ஒருவரை எழுத்தில் முன்மொழிய வேண்டும். நியமிப்பது உயர் நீதிமன்ற மாஸ்டர், அதாவது இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரி. சொத்து 2,50,000 ராண்டுக்குள் என்றால் நடைமுறை சுலபம், அதிகாரக் கடிதம் போதும். அந்தத் தாள் வருமுன் அண்ணன் இறந்த தம்பியின் ஏடிஎம் கார்டைத் தேய்த்தால், சரி, அது வேறு வழக்கு!