பாலுவின் உடல் தடுத்து வைக்கப்படவில்லை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து இரவுதோறும் கைப்பேசியில் சொல்விளையாட்டு ஆடும் நாங்கள், எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் நினைவுநாளில் மட்டும் போட்டியை விட்டுவிட்டு, மூன்று கட்டங்களிலும் ‘நிலவே’ என்ற ஒரே சொல்லை எல்லோரும் இட்டு அஞ்சலி செலுத்துவோம். இம்முறை அந்த அஞ்சலிக்கு நடுவே, சிகிச்சைக் கட்டணம் பாக்கியிருந்ததால் சென்னை மருத்துவமனை அவருடைய உடலைத் தர மறுத்தது என்றும், பிரமுகர் ஒருவரின் குடும்பம் தலையிட்ட பின்பே விடுவித்தது என்றும் ஒரு செய்தி வந்து சேர்ந்தது.

அது பொய். கொவிட் தொற்றுடன் 2020 ஒகஸ்ட் 5 அன்று அனுமதிக்கப்பட்ட அவர், தொற்று நீங்கியது செப்டெம்பரில் உறுதியான பின்னரும் உடல் தேறாமல், 25ஆம் திகதி பிற்பகல் ஒரு மணியளவில், தமது 74ஆவது வயதில் காலமானார். அன்றே அவரது உடல் நுங்கம்பாக்கம் இல்லத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் அரச மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டது. ஒரே நாளுக்குள் நடந்து முடிந்த இந்த வரிசையில், பேரம் பேசி உடலை மீட்டார்கள் என்ற கதைக்கு இடமேது?

இந்த வதந்தி புதியதுமல்ல. அவர் மறைந்த சில நாட்களிலேயே பரவியபோது, மகன் சரண் துக்கத்தின் நடுவிலும் மக்கள் முன் வந்து, கட்டணம் அவ்வப்போது செலுத்தப்பட்டே வந்தது என்று விளக்கி அதை மறுத்தார். தந்தையை அடக்கம் செய்த கையோடு ஒரு மகன் இதற்கெல்லாம் பதில் சொல்ல நேர்ந்ததை நினைக்கையில் மனம் கனக்கிறது. அச்செய்தியைப் பகிர்ந்தவர்கள் அதை நீக்கிவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.