என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தால் அரியர் விழுமா?

கல்லூரி சேர்க்கை முடிந்ததும் வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "என்.எஸ்.எஸ்., என்.சி.சி. எதிலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். வகுப்பு போகும், அரியர் விழும், சான்றிதழால் பைசா பயனில்லை."

தவறு. முதலில் நேரக் கணக்கு. என்.எஸ்.எஸ். எனும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் (1969-இல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது) 2 ஆண்டுகளுக்கு 240 மணி நேரம். ஆண்டுக்கு 120, அதாவது வாரத்துக்கு இரண்டே கால் மணி நேரம் சொச்சம். காட்பாடியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தைக் கூட்டினாலே இதைத் தாண்டிவிடும்! 7 நாள் சிறப்பு முகாம் மட்டும்தான் தொடர்ச்சியாகப் போவது. ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டிக் கை காய்த்து வரும் பிள்ளையைப் பார்த்து அம்மா பதறுவது நியாயம்தான். ஆனால் கை காய்த்ததற்கும் அரியருக்கும் சம்பந்தமில்லை.

சான்றிதழ் வீண் என்பது இன்னும் பெரிய பொய். என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு இருந்தால், ராணுவ அதிகாரி பணிக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே கிடையாது; தகுதிப் பட்டியலில் வந்தால் நேராக எஸ்.எஸ்.பி. எனும் படை அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணல். தேறினால் பயிற்சி பக்கத்திலேயே, சென்னை பரங்கிமலையில். ஆனால் அதற்கும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். படிப்பைக் கைவிட்டால் இந்தக் கதவும் திறக்காது.

அந்தத் தகவலில் ஒரு துளி உண்மை உண்டு. நாலைந்து மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் ஒழுங்காகப் போகாத பிள்ளைகள் திணறத்தான் செய்கிறார்கள். ஒன்றில் சேருங்கள், போதும். முகாம் நாட்களுக்கு வருகைப்பதிவு எப்படிக் கொடுப்பார்கள் என்பதைத் திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.