வீட்டுப்பாடம் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்டையார்பேட்டையில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். அம்மாக்கள்தான் நிற்பார்கள். "அண்ணா, சூரியக் குடும்பம் கலர்ல ஒண்ணு." எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு என்ன ப்ராஜெக்ட் என்பது கடைக்காரருக்கு அத்துப்படி. பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். சார்ட்டை வெட்டி ஒட்டுவது அம்மா, 'குட்' வாங்குவது பிள்ளை.

வீட்டுப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தனியாக உட்கார்ந்து முடிக்கக்கூடியதை மட்டும் கொடுங்கள் என்கிறேன். அதற்கு மேல் கொடுத்தால், வீட்டில் படித்தவர் இருக்கிறாரா, டியூஷனுக்குக் காசு இருக்கிறதா என்பதற்குத்தான் மார்க் விழுகிறது. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார், அம்மா விடிவதற்கு முன்பே காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுகிறார் என்றால், அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியதுதான்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சிபிஎஸ்இ வழக்கில் சொன்னதே நம்ம பாரிமுனையில் இருக்கிற சென்னை உயர் நீதிமன்றம்தான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம்தான் உச்சவரம்பு. வாரத்துக்கு! இங்கே ஒரே ராத்திரியில் அது காலி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கதை வேறு, அவர்களுக்குப் பயிற்சி தேவைதான்.

அம்மா படிக்கவில்லை என்றால் உதவ முடியாது என்று யார் சொன்னது? மீன் விற்கிற அக்காவிடம் பிள்ளையை அனுப்பி, "இன்னைக்கு ஒரு கூடை நெத்திலி என்ன விலைக்கு எடுத்தீங்க, ஐஸுக்கு எவ்வளவு, கடைசியில் கையில் என்ன நின்றது?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கூட்டல், கழித்தல், லாபம், நஷ்டம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். அந்த அக்கா பேப்பரே இல்லாமல் போடுகிற கணக்கைப் பிள்ளையும் பார்க்கும். பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கும் பட்டம் தேவையில்லை.

சின்ன ஹவுசிங் போர்டு வீட்டில் டிவி ஓடும்போது பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதும்? கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், சாயங்காலம் தெருவிலேயே ஒரு அக்கா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அந்த மாதிரி, பள்ளி விட்டதும் ஒரு வகுப்பறையை ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வர்ற பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், ஒரே ஆளாகக் கேட்டால் 'உங்களுக்கு மட்டும் என்னம்மா?' என்று உட்கார வைத்துவிடுவார்கள்.