2.41-ல் எடுத்திருக்கலாம்

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, அக்கா மகன் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதான். இருபத்து நான்கு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. தங்கச்சி கல்யாணத்துக்கென்று அக்கா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம், கூட்டாளிகளிடம் வாங்கிய கைமாற்று, லோன் ஆப்பில் எடுத்தது எல்லாம் சேர்த்து 2,31,000 ரூபாய். ஏழெட்டு மாதத்தில் போனில் பணம் கட்டி ஆடும் ஒரு விமான விளையாட்டில் போயிருக்கிறது.

அழுகைக்கு நடுவே அவன் சொன்னது இதுதான்: "அன்னைக்கு 2.41-ல எடுத்திருந்தா எல்லாக் கடனும் அடஞ்சிருக்குமுங்க மாமா. விரல் பட்டன் மேலதான் இருந்துச்சு."

ஏமாந்துட்டேன் என்று அவன் சொல்லவில்லை. எடுத்திருந்தா என்கிறான். அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஆடிப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். திரையில் ஒரு குட்டி விமானம் கிளம்பும். கூடவே 1.00-ல் தொடங்கி ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். 100 ரூபாய் கட்டியவர் 2.00-ல் பொத்தானை அழுத்தினால் 200 ரூபாய். அழுத்துவதற்குள் விமானம் பறந்து மறைந்துவிட்டால் கட்டியது போச்சு. பசங்கள் இதை "எடுக்கிறது" என்கிறார்கள். எவ்வளவுல எடுத்தே, ஏன்டா அவ்வளவு சீக்கிரம் எடுத்தே, இதுதான் பேச்சு.

2014 வாக்கில் பிட்காயின் சூதாட்டத் தளங்களில் வெறும் கோடாக ஏறிக்கொண்டிருந்த விளையாட்டு இது. 2019-ல் ஜார்ஜியா நாட்டு நிறுவனமான ஸ்பிரைப், ஏவியேட்டர் என்ற பெயரில் அதற்கு விமானத்தை மாட்டியது. அதன் பிறகு அதே மாதிரி எத்தனையோ வந்துவிட்டன. அக்கா மகன் ஆடியது அப்படி ஏதோ ஓர் ஆப்.

நான் பிளஸ் டூ பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன். திட்டுவதற்குப் பதில் ஒரு நோட்டை எடுத்து வந்தேன். "உன் கணக்குல பணம் இல்லைதானே, சும்மா திறந்து வை, வர்ற எண்ணை எல்லாம் எழுதுவோம்" என்றேன். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து 200 சுற்று எழுதினோம். 2-ஐத் தாண்டியவை 95. 10-ஐத் தாண்டியவை 21. கிளம்பாமலே 1.00-ல் முடிந்தவை 5.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஏவியேட்டரில் ஆடுகிறவருக்குத் திரும்பிப் போகும் பங்கு 97 சதவீதம் என்று அதைச் செய்தவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 97-ஐ நீங்கள் எடுக்க நினைக்கும் எண்ணால் வகுத்தால் போதும், நூற்றுக்கு எத்தனை தடவை விமானம் அந்த எண்ணைத் தொடும் என்று வந்துவிடும். சுற்றுக்கு 100 ரூபாய் கட்டி 2-ல் எடுக்கிறவன் நூறு சுற்றில் சராசரியாக 48.5 தடவை ஜெயிப்பான். ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய். மொத்தம் 9,700. 10-ல் எடுக்கிறவன் 9.7 தடவை, ஒவ்வொன்றுக்கும் 1,000. அதுவும் 9,700. ரொம்ப ஜாக்கிரதையாக 1.10-லேயே எடுக்கிறவன் சுமார் 88 தடவை ஜெயிப்பான். அவனுக்கும் அதே 9,700தான். கட்டியது எல்லோருக்கும் 10,000.

அதாவது எந்த எண்ணில் எடுத்தாலும் சராசரி மாறாது. விரலுக்குக் கீழே இருக்கும் அந்தப் பொத்தானால் 300 ரூபாய் நஷ்டத்தை 299 ஆக்கக்கூட முடியாது. 2.41-ம் அப்படித்தான், 24.1-ம் அப்படித்தான்.

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "1.10-ல எடுத்தா சேஃப்னு எல்லாரும் சொன்னாங்களே மாமா" என்றான். ஒரு தடவை தோற்றால் 100 போகும், ஜெயித்தால் 10தான் வரும். ஒரே ஒரு தோல்வியைச் சரிக்கட்டத் தொடர்ந்து பத்து முறை தப்ப வேண்டும். அப்படித் தப்புகிற வாய்ப்பு நூற்றுக்கு 28. இதையா சேஃப் என்கிறார்கள்!

அப்புறம் அந்த 3 சதவீதம். கேட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் மணிக்கு 150 சுற்று ஓடுகிறது. சுற்றுக்கு 500 கட்டுகிறவன் ஒரு மணி நேரத்தில் 75,000 ரூபாயை உள்ளே விட்டு எடுக்கிறான். அதில் 3 சதவீதம் 2,250. அக்கா மகனுக்கு அது மூன்று நாள் சம்பளம். இதுவும் அந்த ஆப் யோக்கியமாக நடத்துகிறது என்று வைத்துக்கொண்டால்தான். தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று ஒரு கூட்டாளி சொல்லிக் கொடுத்திருக்கிறான். 100-ல் ஆரம்பித்து ஆறு சுற்று தொடர்ந்து போனால் 6,300 காலி. பிடிக்கப் போனது வெறும் 100 ரூபாய்.

இவனுக்கு நான் அடுத்துச் சொன்னதுதான் முகத்தை மாற்றியது. விமானம் எங்கே மறையப்போகிறது என்பது அது கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஏவியேட்டர் வகையில் அந்தச் சுற்றுக்கான எண்ணை சர்வர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிடுகிறது. நாம் பார்ப்பது, முடிந்துபோன ஒரு விடையை மெதுவாகத் திறந்து காட்டும் படம். அந்த எட்டு நொடி, பத்து நொடி நெஞ்சு படபடக்க விமானத்தோடு சேர்ந்து பறக்கிறோமே, அந்த நேரத்தில் அங்கே எதுவுமே நடப்பதில்லை. "பிங்க் வந்து ரொம்ப நேரமாச்சு, இப்ப வரும்" என்று காத்திருப்பதும் (10-ஐத் தாண்டினால் பிங்க் நிறத்தில் காட்டும்) வீண். முந்தைய சுற்றுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டெலிகிராமில் சிக்னல் தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்களுக்கும் அடுத்த எண் தெரியாது. இவன் அதற்கும் 1,500 கட்டியிருக்கிறான்.

அப்படியானால் அந்தப் பொத்தான் எதற்கு?

நீங்கள் எடுத்த பிறகும் விமானம் நிற்காது. 1.80-ல் எடுத்துவிட்டு ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பீர்கள், கண் முன்னாலேயே அது 15, 30, 40 என்று போகும். எடுக்காமல் விட்டாலோ, எந்த எண்ணில் மறைந்தது என்று பெரிய எழுத்தில் காட்டும். ஜெயித்தாலும் "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்", தோற்றாலும் "கொஞ்சம் முன்னாடி எடுத்திருக்கலாம்". ஒவ்வொரு சுற்றும் உங்கள் மேல் ஒரு குற்றத்தைப் போட்டுவிட்டுத்தான் முடிகிறது. பக்கத்தில் மற்றவர்கள் எடுத்த தொகைகள் பச்சைப் பச்சையாக ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைச் சிலருக்குக் கையில் கொடுத்தார்கள், சிலரை அவர்களே பொறுக்கி எடுக்கச் சொன்னார்கள். பிறகு அதை விலைக்குக் கேட்டபோது, கொடுத்ததை வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தானே எடுத்தவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள். குலுக்கலில் இரண்டு சீட்டும் ஒன்றுதான். என் கை பட்டது என்பதற்கு மட்டும் அவ்வளவு மதிப்பு.

2003-ல் தடை வரும் வரை எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் லாட்டரிக் கடை வரிசையாக இருக்கும். அங்கே சொத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் "என் நேரம் சரியில்லை", "ராசியில்லாத கை" என்றார்கள். அந்தப் பேச்சும் ஆளை அழிக்கத்தான் செய்தது. ஆனால் வெளியே நாலு பேரிடம் சொல்ல முடிந்த பேச்சு அது. இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. முட்டாள்தனமாக நாமே கோட்டை விட்டோம் என்று நம்புகிறவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்? வாயை மூடிக்கொண்டு, அடுத்த முறை சரியாக எடுத்துவிடுவோம் என்று மறுபடி கட்டுவான். ஏழு மாதம் அக்காவுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்து, சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. ரம்மி, போக்கர் மீதான தடையை அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் நீக்கியது. இது மாதிரி முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடுகிறவற்றுக்குத் தடை அப்படியே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் போட்டது. ஆனாலும் இவன் போனில் யுபிஐ பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு தனி ஆள் பெயருக்குப் பணம் போயிருக்கிறது. ஒரு பெயர் போல் இன்னொன்று இல்லை.

மாநிலச் சட்டத்தில் ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது இருக்கக் கூடாது என்பது என் கருத்து. புகார் கொடுக்கப் போனால் நம்மையே பிடிப்பார்களோ என்று எத்தனை வீட்டில் பயந்து உட்கார்ந்திருப்பார்கள்! மத்திய சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. அதுதான் சரி. நடத்துகிறவனையும், விளம்பரம் செய்கிறவனையும், வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுகிறவனையும் பிடியுங்கள்.

நாங்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். பணம் திரும்ப வரும் என்று நான் அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல், ஒரு மாதிரி பேசியபோது 14416-க்கு, அரசின் மனநல உதவி எண் அது, நானே போட்டுக் கொடுத்தேன். தமிழிலேயே பேசினார்கள். உங்கள் வீட்டில் ஒரு பையன் ராத்திரி போனோடு மாடிக்குப் போகிறான் என்றால், எவ்வளவு விட்டாய் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். எப்படி ஆடுவது என்று உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். என்னிடம் இவன் அப்படித்தான் வாய் திறந்தான்.

அக்காவிடம் அவனே சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா திட்டவில்லை, எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது.

இதை அவனிடம் படிக்கக் கொடுத்து, சரி என்ற பிறகுதான் போடுகிறேன். முதலில் நான் எழுதியிருந்த தொகை 1,86,000. படித்து முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "அது நான் அன்னைக்குச் சொன்னதுங்க மாமா. முழுசாச் சொல்லல. 2,31,000-னு போடுங்க" என்றான்.