சாக வேண்டியவன் எழுதுகிறேன்

நேற்றைய அந்த மக்கள்தொகைப் பதிவைப் பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். மருத்துவம் இயற்கைத் தேர்வை நிறுத்திவிட்டதாம். அதனால்தான் கூட்டம் பெருகிவிட்டதாம். ‘சாக வேண்டியவர்கள்’ பிள்ளை பெற்று மனித இனத்தையே கெடுக்கிறார்களாம்.

இயற்கைத் தேர்வு நிற்கவில்லை ஐயா. யாருடைய மரபணு அடுத்த தலைமுறைக்குக் கூடுதலாகப் போய்ச் சேருகிறது என்ற கணக்குதான் அது. மல்யுத்தப் போட்டி அல்ல. குழந்தைச் சாவு குறைந்தால், யார் எத்தனை பெறுகிறார்கள், எந்த வயதில் பெறுகிறார்கள் என்ற பக்கம் கணக்கு நகரும். நிற்காது.

கூட்டம் பெருகினால் தேர்வுக்குச் சரக்கு கூடத்தான் செய்யும். 1800-களின் தொடக்கத்தில் 100 கோடியாக இருந்தோம், 2022 நவம்பரில் 800 கோடி. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய மரபணு மாற்றங்கள் இருக்கும். வருடத்துக்குச் சுமார் 13 கோடிக் குழந்தைகள். பெருக்கிப் பாருங்கள், வருடத்துக்கு 800 கோடி அளவுக்குப் புதிய மாற்றங்கள். மனிதனின் மரபணுத் தொகுதியின் மொத்த எழுத்துகளே 300 கோடிதான். எந்த மாற்றம் நிலைக்கும் என்பதில் சின்னக் கூட்டத்தில் தற்செயல் ஆடும், பெரிய கூட்டத்தில் தேர்வின் கை ஓங்கும். நின்றுவிட்டதாம்!

“தீங்கான மாற்றங்களும் சேருமே?” சேரும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது தீங்கு என்று யார் சொல்வது? அரிவாள் செல் மரபணு இரண்டு பிரதி இருந்தால் நோய், ஒன்று மட்டும் இருந்தால் மலேரியாவுக்குக் கேடயம்.

எனக்குப் பதினோரு வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது 1922-இல். அதற்கு முன் இந்த நோய் வந்திருந்தால் அநேகமாக ஓரிரு வருடங்களைத் தாண்டியிருக்க மாட்டேன். தினமும் நாலு ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தேன், படித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். மகள் பிறந்தபோது உறவுக்காரர் ஒருவர் “உனக்கு இது தேவையா?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். என்னைப் போன்றவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை என்று அன்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும் என்றும் தோன்றுகிறது. வந்தால்தான் என்ன?

“அறிவியலில் உணர்ச்சியைக் கலக்காதே” என்று பின்னூட்டம் வரும், தெரியும். நேற்றைய பதிவில் அறிவியல் எந்த வரியில் இருந்தது என்று காட்டிவிட்டுச் சொல்லுங்கள். ‘இனம் கெடுகிறது’ என்பது அறிவியலாம், எனக்கு வலிக்கிறது என்பது உணர்ச்சியாம்.

சரி, எழுதியவரை விடுங்கள், அவரை எனக்குத் தெரியாது. அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் மூன்று பேர் என் கல்யாணத்துக்கு வந்தவர்கள். ஒருவர் என் மகளைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்.